முதல் டாட்டூ: ஆசையும் விடவில்லை, தயக்கமும் விடவில்லை

வெறுங்கை

மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முன்கையின் உட்புறத்தில், ஒற்றைக் கோட்டில் ஒரு கொடி. அதன் கீழே தமிழில் ஒரு சொல். மொத்தம் இரண்டு விரல் அகலம்தான். கற்பனையில் எல்லாம் அழகாக இருக்கிறது, முடிவெடுக்கப் போனால் கால் பின்வாங்குகிறது. வலி, நோய்த்தொற்று, பத்து வருடம் கழித்து அது எப்படி இருக்கும், மாநிறத் தோலில் எடுபடுமா, பிடிக்காமல் போனால் என்ன வழி என்று கேள்விகள் வரிசைகட்டி நிற்கின்றன. "பயப்படாதீங்க, போட்டுடுங்க" என்ற அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

ஊசிமுனை

உங்கள் வரிசையில் வலி முதலில் நிற்கிறது. அது கடைசியில் நிற்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியவை அளவும் இடமும்.

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதில் மட்டும் தங்கிய மை உதிர்ந்துவிடும். அதனால் ஊசி அதற்கு அடியில் உள்ள டெர்மிஸ் அடுக்கில், சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் மையைச் சேர்க்க வேண்டும். ஊசி மேலோட்டமாக நின்றால் கோடு ஆறும்போது விட்டுவிட்டுத் தெரியும். ஆழம் மிஞ்சிக் கொழுப்படுக்கைத் தொட்டால் மை பக்கவாட்டில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீலம்பாரித்த ஒரு நிழல் படியும். ப்ளோஅவுட் என்பது இதுதான். மணிக்கட்டின் உட்புறம், முழங்கை மடிப்பு, கணுக்கால் போன்ற மெல்லிய தோலில் இது சுலபமாக நடக்கும். ஆறிய பின் மறுபடி குத்தித் திருத்தும் டச்-அப்பில் இது சரியாகாது. கோட்டைத் தடிமனாக்கி மறைக்கலாம், இல்லையென்றால் லேசர்.

ஆகவே மணிக்கட்டின் மடிப்பு ரேகையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் போடச் சொல்லுங்கள். அங்கே தோல் கொஞ்சம் தடிப்பு, அசைவும் குறைவு.

இன்னொன்று, ஒற்றைக் கோடு பார்க்கத்தான் எளிமை. ஷேடிங் உள்ள வடிவத்தில் கை சற்றே நடுங்கினாலும் நிழலுக்குள் மறைந்துவிடும். ஒற்றைக் கோட்டில் மறைய இடமில்லை. "சின்ன டாட்டூதானே, யார் போட்டாலும் ஒன்றுதான்" என்று போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கலைஞரிடம் புதிதாகப் போட்ட படங்களைக் கேட்காதீர்கள், ஆறி ஒரு வருடமாவது ஆன மெல்லிய கோட்டு வேலைகளின் படங்களைக் கேளுங்கள். புதிதாகப் போட்டது எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும்.

ஊசி விஷயம்: லைனர் என்றால் வட்டமாகக் கட்டிய ஊசிக் கொத்து. ஒற்றை ஊசி, 3, 5, 7 என்று போகும். ஒவ்வொரு ஊசியும் வழக்கமாக 0.25, 0.30 அல்லது 0.35 மி.மீ. தடிமன். ஒற்றை ஊசிக் கோடு முடி போல இருக்கும், ஆனால் விரைவில் மங்கும், இடையிடையே அறுபடவும் செய்யும். இந்த அளவுக் கொடிக்கு 3 அல்லது 5 ஊசி லைனர் நிதானமான தேர்வு. எந்தக் கோடும் வருடங்கள் போகப் போக அகலும். 1 மி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் இரண்டு கோடுகள் ஓடினால், ஒருநாள் ஒன்றாகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலைக்கும் தண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. விடச் சொல்லுங்கள். இரண்டு விரல் அகலத்தில் பத்து இலை திணிப்பதைவிட நான்கு இலை நன்றாக நிற்கும்.

சும்மா ஒருவன்

மை ஏன் கழுவிக்கிட்டுப் போகாம நிக்குது? செல்லு செத்துப் புதுசு வருதுல்ல?

மருந்துச்சீட்டு

நல்ல கேள்வி. மைத்துகளை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. டெர்மிஸில் உள்ள மேக்ரோஃபேஜ் என்னும் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்குகின்றன, ஆனால் சிதைக்க முடிவதில்லை. அந்தச் செல் இறக்கும்போது துகள் வெளியே விழ, அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் அதை மறுபடி விழுங்கிவிடுகிறது. 2018இல் எலிகளில் செய்த ஆய்வு இந்தக் கைமாற்றத்தைத் தெளிவாகக் காட்டியது. கைமாறும்போது கொஞ்சம் துகள் நகர்வது, கொஞ்சம் நிணநீர்க் கணுக்களுக்குப் போவது எல்லாம் உண்டு. கோடு அகலுவதற்கும் மங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இப்போது உடல்நலப் பக்கம். கீழே உள்ளவற்றில் ஏதாவது பொருந்தினால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள், டாட்டூ பிறகு.

காயம் ஆறிய இடத்தில் தழும்பு மேடாக வளரும் உடல்வாகு, அதாவது கெலாய்டு. காது குத்திய இடம், தடுப்பூசி போட்ட இடம், பழைய பரு வடுக்கள் எப்படி ஆறியிருக்கின்றன என்று பார்த்தால் ஓரளவு தெரியும். சொரியாசிஸ், விட்டிலிகோ (வெண்புள்ளி) உள்ளவர்களுக்கு ஊசி பட்ட கோட்டின் மேலேயே அந்த நோய் கிளம்பலாம். இதைக் கோப்னர் விளைவு என்பார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்தவர்கள் நிறுத்தி ஆறு மாதம் பொறுப்பது வழக்கம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், இதய வால்வுக் கோளாறு, கர்ப்பம் இவையும் இந்த வரிசையில் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், டாட்டூவுக்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாட்டூவைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

மச்சத்தின் மேல் மை வேண்டாம். மச்சம் நிறமோ வடிவமோ மாறுகிறதா என்று கவனிப்பதுதான் தோல் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்கும் வழி, மை அதை மூடிவிடும். கொடி அதைச் சுற்றி வளைந்து போகட்டும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். எப்படியும் கனவு கண்டுகொண்டுதானே இருக்கிறீர்கள், அந்த ஆறு மாதத்தை இதற்குப் பயன்படுத்தலாம்.

ரத்ததானம் செய்பவர் என்றால் டாட்டூவுக்குப் பின் ஓர் இடைவெளி உண்டு. சில நாடுகளில் 4 மாதம், சில நாடுகளில் 12 மாதம்.

வெறுங்கை

மச்சம் ஒன்று இருக்கிறது, கொடி வளைந்து போகும். கருவிகள் சுத்தமா என்று வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பது? "எல்லாம் புதுசுதான்" என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஊசிமுனை

சொல்வதைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் ஊசி, அதாவது மெஷினில் செருகிப் பயன்படுத்தும் ஊசிக்கூடு, உங்கள் கண்முன் உறையைக் கிழித்து எடுக்கப்பட வேண்டும். உறையில் காலாவதித் தேதியும், கிருமிநீக்கம் செய்ததற்கான குறியும் இருக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் மெம்பிரேன் என்று ஒரு சவ்வு உண்டு. ரத்தமும் மையும் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். மலிவான சிலவற்றில் அது இருப்பதில்லை. அப்படியென்றால் ஊசி புதிது, மெஷினின் உள்வாய் பழையது. இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள்.

மை பெரிய புட்டியிலிருந்து சின்னக் குப்பிகளில் ஊற்றப்பட வேண்டும், மீந்தது குப்பைக்குப் போக வேண்டும். மெஷின், வயர், விளக்கின் கைப்பிடி, ஸ்ப்ரே புட்டி எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் உறை. கையுறையோடு போனைத் தொட்டுவிட்டு அப்படியே வேலைக்குத் திரும்பினால் எழுந்து வந்துவிடலாம், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மெஷினின் கைப்பிடியான இரும்பு கிரிப்பைத் திரும்பப் பயன்படுத்தும் இடமென்றால் ஆட்டோகிளேவ் வேண்டும். 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம், அழுத்த நீராவியில். அது வேலை செய்கிறதா என்பதற்கு, எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை சாகின்றனவா என்று பார்க்கும் ஸ்போர் சோதனை உண்டு, அதன் பதிவேட்டைக் கேட்கலாம். புற ஊதா விளக்குப் பெட்டியைக் காட்டி "ஸ்டெரிலைசர்" என்றால் ஏமாறாதீர்கள். சுத்தம் செய்த கருவியை வைத்திருக்கும் அலமாரிதான் அது.

மருந்துச்சீட்டு

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கறுப்பு மையைத் தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாக்குவார்கள், கிரே வாஷ் என்று பெயர். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. 2011-12இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமித் தொற்று வந்தது. ஏற்கெனவே கலந்து விற்கப்பட்ட சாம்பல் மைதான் காரணம், கலக்கப்பட்டது டிஸ்டில்டு வாட்டர். காய்ச்சி வடித்த நீரில் உப்பு இருக்காது. கிருமி இருக்காது என்று அதற்குப் பொருளில்லை. ஸ்டெரைல் என்று அச்சிட்ட, மூடி உடைக்காத நீர்தான் வேண்டும். இந்தத் தொற்று சாதாரணச் சீழ் போல வராது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, சாம்பல் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் சிறு சிவப்புக் கொப்புளங்களாகக் கிளம்பும். அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு களிம்பு தடவினால் மோசமாகும்.

எழுத்தாணி

கொடியை எல்லோரும் பார்த்துக்கொள்கிறீர்கள், கீழே இருக்கும் சொல்லை யாரும் பார்க்கவில்லை. டாட்டூவில் தமிழ் கெட்டுப்போவதற்கு ஊசியைவிடக் கம்ப்யூட்டர்தான் அதிகக் காரணம்.

முதல் சிக்கல், வடிவமைப்பு மென்பொருள். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத மென்பொருளில் 'கொ' என்று ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞருக்கு அதுவும் ஒரு அலங்காரம்தான், அப்படியே குத்திவிடுவார். எனவே சொல்லை எழுத்தாக அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்களே எழுத்துருவில் அமைத்து, அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி, பி.டி.எஃப் ஆகவோ படமாகவோ கொடுங்கள். கையால் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, சுழி. மெல்லிய கோட்டில் சின்னதாக எழுதிய மூன்றுசுழி 'ண' சில வருடத்தில் சுழி அடைந்து இரண்டுசுழி 'ன' போலத் தெரியும், பிறகு அதுவுமில்லை. ஞ, ழ, ஐகாரக் கொம்பு எல்லாம் இதே கதை. ட, ப, ய போன்ற திறந்த வடிவங்கள் தாங்கும். சுழியின் உள்வெளி 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அப்படிப் பார்த்தால் எழுத்தின் உயரம் 7, 8 மி.மீ. வந்துவிடும். இரண்டு விரல் அகலத்தில் கொடியும் நீளமான சொல்லும் சேர்ந்து அடங்காது. ஒன்றைக் குறையுங்கள். என் வாக்கு, கொடியைக் குறைப்பதற்கு.

மூன்றாவது, மெய்ப்புள்ளி. அழகுக்காகச் சிறு வளையமாகப் போட்டால் உள்ளே அடைந்து வெறும் பொட்டாகிவிடும். முதலிலேயே நிறைந்த பொட்டாகப் போடச் சொல்லுங்கள். தோலில் ஒட்டி வடிவத்தைப் பதிக்கும் மாதிரிதான் ஸ்டென்சில்; அதில் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டதும் உண்டு.

ஸ்டென்சில் தோலில் ஏறியதும் ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். கண்ணாடியிலோ செல்ஃபி கேமராவிலோ பார்த்துப் படிக்காதீர்கள், அவை திருப்பிக் காட்டும். தமிழ் தெரிந்த இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ குழப்பம் கையிலேறிவிட்டால் அழி ரப்பர் கிடையாது.

சும்மா ஒருவன்

'எழுத்தாணி' சொல்றது நூத்துக்கு நூறு. அதோட கையை நீட்டி வெச்சுப் பாத்தா மட்டும் போதாது. கையைத் திருப்பினா முன்கைத் தோல் முறுக்கிக்கும், நேர்க்கோடு கோணலாத் தெரியும். ஸ்டென்சில் ஒட்டும்போது கை இயல்பாத் தொங்கணும்.

ஊசிமுனை

சரி. ஒட்டிய ஸ்டென்சிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் துடைக்கும்போதே கோடு அழிந்து, மீதியை ஊகித்துப் போட நேரும். இடம் பிடிக்கவில்லையென்றால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். மூன்று முறை ஒட்டினாலும் நல்ல கலைஞர் முகம் சுளிக்கமாட்டார்.

நிறமாலை

மாநிறத் தோல் பற்றிய கேள்விக்கு. மை டெர்மிஸில், தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதற்கு மேலடுக்கில். ஆகவே எந்த நிறத்தையும் உங்கள் தோல்நிறம் என்ற மெல்லிய கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறீர்கள். கறுப்பு எல்லாத் தோலிலும் நிற்கும். வெள்ளை, இளமஞ்சள், வெளிர் ரோஜா ஆகியவை மாநிறத்தில் ஆறிய பிறகு ஏறக்குறையக் காணாமல் போகும். நிறம் வேண்டுமென்றே ஆசையிருந்தால் அடர்ந்த சிவப்பு, அடர்நீலம். வெறும் தோலையே வெளிச்சமாக விட்டு, சுற்றிலும் கறுப்பு வைக்கும் முறை இன்னும் நன்றாக எடுபடும். "கறுப்பான தோலுக்கு அழுத்திக் குத்தணும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்புங்கள். ஆழம் எல்லோருக்கும் ஒன்றுதான். அழுத்தினால் தழும்புதான் மிஞ்சும்.

அலர்ஜி அதிகம் கொடுப்பது சிவப்பு. முற்காலத்தில் பாதரசக் கலவை, இப்போது பெரும்பாலும் அசோ எனப்படும் செயற்கை நிறமிகள். போட்டு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம் என்பதால் முன்கூட்டி ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பது முழு உத்தரவாதம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு வரம்பு வைத்தது. அந்த விதிக்கு உட்பட்டது என்று லேபிளில் இருந்தால், அதுவும் இல்லாத மையைவிட மேல். முதல் டாட்டூவுக்கு வெறும் கறுப்போடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

அழிப்பதற்கும் கறுப்பே வசதி. 1064 நானோமீட்டர் லேசரைக் கறுப்பு நன்றாக உறிஞ்சும். சிவப்புக்கு 532. பச்சைக்கும் நீலத்துக்கும் 694 அல்லது 755. வெள்ளை, தோல்நிற மைகளில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும். ஒரே அமர்வில் எதுவும் போகாது. இடையே 6 முதல் 8 வாரம் விட்டுப் பல அமர்வுகள் தேவை, சின்ன டாட்டூவுக்கும்தான். மாநிறத் தோலில் 532 போன்ற குறைந்த அலைநீளங்களை மெலனினும் உறிஞ்சுவதால் வெளுப்புத் திட்டு விழும் வாய்ப்பு கூடுதல். "பிடிக்கலன்னா லேசர்ல எடுத்துக்கலாம்" என்று நினைத்துப் போடாதீர்கள், அது இரண்டாவது வலி, நீண்ட வலி.

பிடிக்குமா என்பதை மலிவாகச் சோதிக்க வழி இருக்கிறது. இங்க்ஜெட் பிரிண்டருக்கான தற்காலிக டாட்டூத் தாளில் உங்கள் வடிவத்தைத் திருப்பி அச்சிட்டு ஒட்டினால் மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். அதே இடம், அதே அளவு. அரைக்கை சட்டையோடும் முழுக்கையோடும் வேலைக்குப் போய்வாருங்கள். மூன்று மாதத்தில் நாலைந்து முறை ஒட்டிப் பார்த்தும் சலிக்கவில்லை என்றால் அது ஓரளவு நம்பகமான பதில். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் கலக்கும் பி.பி.டி. என்ற முடிச்சாய வேதிப்பொருள் கொப்புளம் போடும், பிறகு வாழ்நாள் முழுக்க முடிச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வெறுங்கை

லேசர் பற்றிய பத்தி நன்றாக உறைத்தது. ஸ்டிக்கர் வழியைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். வலிக்கு மரப்புக் களிம்பு தடவலாமா?

ஊசிமுனை

உங்கள் அளவுக்கு ஊசி ஓடும் நேரம் அரை மணி, முக்கால் மணி. முன்கை வலி குறைந்த இடங்களில் ஒன்று, உட்புறம் சற்றே கூடுதல். விலா, முதுகுத்தண்டு, மார்பெலும்பு, முழங்காலின் பின்மடிப்பு இவையெல்லாம் வேறு கணக்கு. களிம்பு இல்லாமலே தாங்கும்.

தடவியே ஆக வேண்டுமென்றால் கலைஞரிடம் முன்பே சொல்லுங்கள். சில களிம்புகள் தோலை வெளுக்கவைத்து, ஊறியது போல ஆக்கும், கோடு இழுப்பது சிரமம்.

மருந்துச்சீட்டு

லிடோகெய்ன் 2.5 சதவீதமும் பிரிலோகெய்ன் 2.5 சதவீதமும் சேர்ந்த களிம்பு மருந்தகத்தில் கிடைக்கும் வகை. மேலே படலம் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால்தான் பிடிக்கும். இணையத்தில் டாட்டூவுக்கென்றே விற்கும் கடும் களிம்புகள் வேண்டாம். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் உள்ளவை பற்றி 2024இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதிகப் பரப்பில் தடவி, மேலே படலமும் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம், வலிப்பும் வரலாம்.

மயக்கம் வருவது பெரும்பாலும் வலியால் அல்ல. பதற்றமும் வெறும் வயிறும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென இறங்கும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள், முந்தின இரவு மது வேண்டாம், தூங்கிவிட்டுப் போங்கள். காது அடைத்து வியர்த்தால் உடனே சொல்லிப் படுத்துவிடுங்கள், காலை உயர்த்தினால் நிமிடங்களில் சரியாகும்.

ஆறும்வரை

போட்ட பிறகு கெடுப்பவர்கள்தான் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வழி. ஒன்று, செகண்ட் ஸ்கின் எனப்படும் ஒட்டும் பாலியூரிதேன் படலம். முதல் படலத்தை 24 மணி நேரத்தில் எடுத்துக் கழுவிக் காயவைத்து, புதியதை ஒட்டி நாலைந்து நாள் விடலாம். உள்ளே கறுப்பு நீர் தேங்குவது இயல்பு. அது ஓரம் வரை வந்து கசிந்தால் எடுத்துவிட வேண்டும், கசிந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். சமையலறைப் பிளாஸ்டிக் படலம் இதற்கு மாற்று இல்லை. அது மூச்சுவிடாது, வியர்வையில் ஊறவைக்கும்.

இரண்டாவது, திறந்த முறை. கையைக் கழுவிவிட்டு, வாசனையில்லாத சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு விரலால் மட்டும் கழுவி, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். துண்டு வேண்டாம். பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், நாளுக்கு இரண்டு மூன்று முறை. உங்கள் டாட்டூவுக்குப் பட்டாணி அளவில் பாதியே அதிகம். பளபளவென்று தெரிந்தால் கூடிவிட்டது என்று பொருள், ஒற்றி எடுங்கள். அதிகம் பூசினால் பொருக்கு ஊறி, மையோடு பெயர்ந்து வரும்.

நான்காம் ஐந்தாம் நாளில் உரியத் தொடங்கும், அரிக்கும். சொறியவோ பிய்க்கவோ கூடாது, மேலே தட்டலாம். உரிந்த பின் இரண்டு வாரம் போல மங்கலாக, பாலாடை படிந்தது போலத் தெரியும். மை போய்விட்டது என்று பதற வேண்டாம், புதுத் தோல் தெளியும். மேற்பரப்பு ஆற 2 முதல் 4 வாரம், உள்ளே முழுதாக அடங்க இரண்டு மூன்று மாதம்.

அதுவரை குளம், கடல், நீச்சல்குளம் கிடையாது. 2017இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் விப்ரியோ வல்னிஃபிகஸ் தொற்றில் இறந்தது பதிவாகியிருக்கிறது. அவருக்குக் கல்லீரல் நோயும் இருந்தது. குளியலறையில் குளிப்பதில் பிரச்சினை இல்லை, ஊறவைக்காமல் இருந்தால் போதும். ஆறிய பின் வெயிலில் போனால் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். புண்ணாக இருக்கும்போது சன்ஸ்கிரீன் பூசாதீர்கள், துணியால் மூடுங்கள்.

சிவப்பு முதல் இரண்டு நாள் சாதாரணம். அதன் பிறகும் பரவினால், சூடு கூடினால், சீழ் வந்தால், சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம். கலைஞரிடம் போட்டோ அனுப்பிக் காத்திருக்காதீர்கள்.

சும்மா ஒருவன்

படலம் ஒட்டின இடம் மட்டும் சதுரமாச் சிவந்து அரிச்சா?

ஆறும்வரை

படலத்தின் பசை ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டுத் திறந்த முறைக்கு மாறினால் போதும். சிவந்திருப்பது டாட்டூவின் மேல் மட்டும் இல்லாமல் படலத்தின் ஓர வடிவத்தை அப்படியே பின்பற்றினால் பசைதான் என்று தெரிந்துகொள்ளலாம். முன்கூட்டி ஒரு துண்டை மேல்கையில் ஒரு நாள் ஒட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். எடுக்கும்போது மேலே இழுக்காமல், வெந்நீர் ஷவரின் கீழ் தோலோடு ஒட்டியபடி பக்கவாட்டில் நீட்டி எடுங்கள்.

ஊசிமுனை

'வெறுங்கை'க்கு ஒரு கடைசிக் குறிப்பு. கொடியில் எங்காவது கோடு விட்டிருந்தால் டச்-அப்புக்கு 6 முதல் 8 வாரம் காத்திருங்கள். அதற்கு முன் குத்தினால் ஆறாத தோல் கிழியும். விட்டுப்போன இடத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் மை ஆழம் போதவில்லை, டச்-அப்பில் சரியாகும். மேடாகவோ தடிப்பாகவோ இருந்தால் அங்கே தழும்பு விழுந்திருக்கிறது. அதன் மேல் மறுபடி குத்தச் சொல்லாமல் இன்னும் சில மாதம் விடுங்கள்.